மஞ்சள் விளக்கை மூடிய மகனுக்கு

தம்பி,

இதை நீ படிக்கும்போது நான் பேக்டரி பஸ்ஸில் செனாவாங் போய்க்கொண்டிருப்பேன். உள்ளே போய்விட்டால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், உனக்குத் தெரியும். ஆகவே போன் அடித்துக் கத்தலாம் என்று நினைக்காதே. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்றுச் சாயங்காலம் முழுக்க உன் பின்னாலேயே சுற்றினேன். "தம்பி, லாரியிலே..." என்று நான் வாயைத் திறந்ததும், "அம்மா, ஆரம்பிச்சிட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய். அதில் என் குரல் கோழி கத்துவது போலிருக்கும், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிடும். இது சிரிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவளின் கையெழுத்து, பொறுத்துக்கொள். காப்பி பிளாஸ்கில் இருக்கிறது, உட்கார்ந்து முழுவதையும் படி.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேற்று நீ விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்க லாரியில் ஏறினேன். ஸ்டீரிங்குக்குப் பின்னால் மீட்டர்கள் இருக்கிற இடத்தில், இஞ்சினில் கோளாறு என்றால் அந்த மஞ்சள் விளக்கு எரியுமே, அதற்கு நேர் மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. சின்னத் துண்டுதான். ஓரம் மடங்காமல், நகத்தால் நீவி, ரொம்பப் பொறுமையாக ஒட்டியிருக்கிறாய். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உன் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கக் கால் வரவில்லை.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நான் ஒருமுறை சொல்கிறேன், கேள். மலைத்தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை வழிய வழிய ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்கு இறங்கினாயே, அன்றைக்கு. வளைவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்திருக்கிறாய், இஞ்சின் செத்துவிட்டது. இருமவில்லை, புகையவில்லை, ஒரு சத்தமும் இல்லை. ஸ்டீரிங் கல்லாக இறுகிவிட்டது. பிரேக்கில் மிச்சமிருந்த காற்றை வைத்து எப்படியோ மண்மேட்டில் கொண்டுபோய்ச் சாய்த்து நிறுத்தியிருக்கிறாய். அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் பள்ளம். வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னாய்? "டயர் பஞ்சர்மா, அதான் லேட்டு." நானும் நம்பி உனக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன். மறுநாள் மாலினிதான் போன் பண்ணினாள். மில்லில் லாரிகளை எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரியாமல் எந்த லாரிக்கு என்ன ஆகும்? "அத்தை, அவர் உங்ககிட்ட சொல்லலையா" என்றாள். தை மாதம் உனக்குக் கழுத்தை நீட்டப் போகிற பெண், கலியாணப் புடவை பற்றிப் பேச வேண்டியவள், என்னிடம் பிரேக் காற்றைப் பற்றிப் பேசினாள்.

அதற்கப்புறம் நீ பட்ட பாட்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீசல் பில்டர் மாற்றினாய், பேட்டரி வயரை மாற்றினாய், எவனோ சொன்னான் என்று என்னென்னமோ சென்சார் மாற்றினாய். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். சரியாகிவிட்டது என்று நீ விசிலடித்துக்கொண்டு வருவாய். அடுத்த நாள் ரோட்டு ஓரத்தில் நின்றுவிடும். உன் அப்பா ஓட்டிய டிராக்டர் நோய்வாய்ப்பட்டால் தோட்டத்துக்கே கேட்கும். ஒரு வாரம் முனகிவிட்டுத்தான் படுக்கும். உன்னுடையது சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடுகிறது. கடைசியில் பகாவில் சீன மெக்கானிக் ஆ கியோங் கடைக்குக் கொண்டுபோனாய். நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஆ கியோங் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். அவன் தன் மெஷினை லாரியில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, "மூளை ரோசாக், ஆன்ட்டி" என்றான். இஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எப்போது என்று உத்தரவு போடுகிற கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நம் சோற்று டப்பா அளவு பெட்டி. கழற்றித் திறந்து காட்டினான். தண்ணீர் புகுந்து உள்ளே ஊசிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

அப்போதுதான் அவன் கேட்டான், மாதக்கணக்கில் விளக்கு எரிந்திருக்குமே, நீ பார்க்கவில்லையா என்று. அவன் மீட்டர் பக்கம் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாக அங்கே ஒட்டியிருந்த முனீஸ்வரர் படத்தை உரித்தான். தோட்டத்து முனைக் கோயில் திருவிழாவில் நான் வாங்கி, பூசையில் வைத்து, உன் கையில் கொடுத்த படம். நீ அதை லாரியில் ஒட்டியதும் நான் எத்தனை பேரிடம் பெருமை பேசினேன்! என் மகன் சாமி முகத்தில் விழித்துத்தான் வண்டியை எடுப்பான் என்று பேக்டரி கேண்டீனில்கூடச் சொல்லியிருக்கிறேன். நீயோ, எரிகிற விளக்கை மறைக்க அந்தப் படம்தான் சரியான அளவு என்று ஒட்டியிருக்கிறாய். ஆ கியோங் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நம்ம கடைக்கு வர்ற லாரியில பாதிக்கு சாமி இந்த எடத்துலதான் லா உக்காந்திருக்கு" என்றான். அவனுடைய ஆட்டுத்தாடி ஆட அவன் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். நீ வெளியே போய், அங்கே நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டாய்.

வேறு பெட்டி தேடிப் போனோம். பழைய லாரிகளைப் பிரித்து விற்கிற கடை. மழையில் நனைந்த லாரித் தலைகள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்குக் கண்ணாடி இல்லை, சிலவற்றுக்கு முன்பக்கமே இல்லை. அதே நம்பர் போட்ட பெட்டியாகத்தான் வேண்டும் என்று ஆ கியோங் எழுதிக் கொடுத்திருந்தான். கடைக்காரன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "இது எந்த லாரியில் இருந்தது? அந்த லாரிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். "அம்மா, சும்மா இருங்கம்மா" என்றாய் நீ. நான் எப்படியப்பா சும்மா இருப்பேன்? வரும் வழியெல்லாம் துண்டில் சுற்றி அதை என் மடியில்தான் வைத்திருந்தேன். யார் வீட்டுப் பிள்ளை ஓட்டிய லாரியோ, அவன் நல்லபடியாக இறங்கி வந்தானோ இல்லையோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கோயிலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொல்லலாம் என்றேன். "தண்ணி பட்டுத்தான் பழசே செத்துச்சு" என்று நீ கத்தினாய். நீ சொன்னது நியாயம்தான். அப்படியும் கோயிலில் நிறுத்த வைத்தேன். பூசாரி செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது குறுக்கே நின்று தடுத்ததும் நான்தானே. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. வெறும் திருநீறு போதும் என்று காகிதத்தில் மடித்து வாங்கி வந்தேன்.

பழைய பெட்டியில் இருந்த கணக்கையெல்லாம் புதியதில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் லாரி அதைத் தன்னுடையதாக ஏற்காது, சாவி போட்டாலும் இஞ்சின் பிடிக்காது என்றான் ஆ கியோங். இரண்டு பெட்டியையும் லேப்டாப்பில் மாட்டினான். ஏற்றும்போது கரண்ட் போனால் இரண்டுமே போய்விடும் என்று சொல்லிவிட்டு, கடைப் பையனைக்கூட வெல்டிங் மெஷினைத் தொடக்கூடாது என்று விரட்டினான். நீ சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு இடிக்கும் நான் மேலே எரிகிற பல்பைப் பார்த்தேன். ஏற்றி முடித்து, பெட்டியை லாரியில் மாட்டி, பேட்டரி இணைப்பைக் கொடுத்து, சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இஞ்சின் பிடித்தது, விளக்கு அணைந்தது. என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே காட்டி ஆ கியோங் சொன்னான்: "ஆன்ட்டி, சாவி போட்டா எரியணும், இஞ்சின் பிடிச்சா அணையணும். எரியவே இல்லைன்னாலும் தப்பு, அணையலைன்னாலும் தப்பு." எனக்கு லாரியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதை நான் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

அன்றைக்கு, இஞ்சின் செத்த அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் போனபோது நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். செத்தால் சேர்ந்து சாவோம் என்று கிறுக்குத்தனமாக ஏதோ நினைப்பு. மேட்டு உச்சியில் நீ லாரியை நிறுத்தினாய். சட்டையில் கையைத் துடைத்தாய். மறுபடி துடைத்தாய். அப்புறம் என் பக்கம் பார்க்காமலே சொன்னாய், "அம்மா, இந்த எடம் வந்தாலே கை வேர்க்குதும்மா. எனக்கும் பயம்தான்." தம்பி, உன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பயப்படுகிறவன் பார்த்து ஓட்டுவான் என்று நினைத்தேன். விளக்கு எரிந்தபோதே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நிறுத்தினால் குலைகள் ரோட்டோரத்தில் கிடந்து கெட்டுப்போகும், தோட்டக்காரன் வேறு லாரியைக் கூப்பிட்டுவிடுவான், ஒருமுறை போன டிரிப் திரும்ப வராது, கலியாணம் வேறு வருகிறது என்றாய். பிறகு கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டு மெல்ல இறக்கினாய். வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கீழே இருந்தோம். இருவரும் மில் வாசல் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம். நீ ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய் நிறையச் சிரித்தாய்.

அதனால்தான் நேற்று அந்த டேப்பைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. மூளையை மாற்றியாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது என்று தினமும் சொல்கிறாயே, பிறகு எதற்கு டேப்? சாவி லாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தது, அதுவும் எரிந்தது. அது சரி, எரிய வேண்டும். இஞ்சின் பிடித்தால் அணைகிறதா என்று பார்க்க வேண்டுமே. அதற்கு மேல் திருப்ப எனக்குத் தைரியம் இல்லை. கியரில் நிறுத்தியிருந்து லாரி முன்னால் குதித்தால்? அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருப்பி அணைத்துவிட்டு, டேப்பை நீ ஒட்டியிருந்தது மாதிரியே நீவி ஒட்டிவிட்டேன். ஒருவேளை ஒன்றுமில்லாத சின்ன விஷயமாகவும் இருக்கலாம். ஒரு வயர் தளர்ந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் என் பயம். தெரிந்திருந்தால் நீ டேப் ஒட்ட மாட்டாய்.

இந்த வீட்டு ஆண்களுக்கு இது ஒரு வியாதி. உன் அக்கா கலியாணத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்றார். சோடா குடித்தார், தைலம் தேய்த்துக்கொண்டார், என்னையே தேய்த்துவிடவும் சொன்னார். நான் வாயு என்று நம்பித் தேய்த்தேன். கலியாணம் முடியட்டும், வீட்டில் கலவரம் வேண்டாம் என்று மனதுக்குள் வைத்திருக்கிறார் மனுஷன். பந்தலைப் பிரித்த அன்றைக்கு மாவரைக்கிற இடத்தில் விழுந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்குமே, ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். பிழைத்துவிட்டார், டாக்டர் புண்ணியம். ஆனால் இன்றைக்கு உன் லாரிப் படியில் அவரால் ஏற முடியாது. நேற்று டேப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அவன் என்ன சின்னப் பிள்ளையா, விடு" என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான். சொல்ல மாட்டார்.

நீ கலியாணம் கட்டப் போகிறாய். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. சமைக்கத் தெரிந்துகொள், கோபத்தில் தட்டைத் தள்ளாதே, அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். இப்போது இதையும் சொல்கிறேன்: மாலினியிடம் பஞ்சர் கதை சொல்லாதே. அவள் நீ ஏற்றிவரும் ஒவ்வொரு லோடையும் பார்க்கிறவள். நீ வர நேரமானால் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. நீ பயப்படுவதைச் சொன்னால் அவள் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டாள். சொல்லாமல் மறைத்து, ஒருநாள் வேறு யாராவது அவளுக்குப் போன் பண்ணினால், அந்தப் பெண் அந்த மில் வாசலில் எப்படி வேலை பார்ப்பாள்? அதை நினைத்துப் பார். என்னை நினைக்க வேண்டாம், நான் எப்படியும் பயந்துகொண்டேதான் இருப்பேன். பெற்ற வயிறு.

சாவியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆணியில் தேடாதே, என் பையில் இருக்கிறது. கோபம் வரும், வரட்டும். ஆ கியோங்குக்குப் போன் பண்ணு, மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவான். அவன் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், சாயங்காலம் நான் வந்ததும் வாசலில் வைத்தே என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பக்கத்து வீடெல்லாம் கேட்கட்டும், வாயைத் திறக்க மாட்டேன். தோட்டக்காரன் வேறு லாரியைக் கூப்பிடட்டும். குலை அழுகட்டும், தம்பி. குலை அடுத்த வாரமும் காய்க்கும்.

இன்னொன்று. உன் அலமாரி மேல்தட்டில், பழைய ஹெல்மெட்டுக்குள் லாரியின் இரண்டாவது சாவி இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. அதையும் எடுத்துப் பையில் போட்டேன். செருப்பு மாட்டியபோது அப்பா பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வாசல் வரை போனேன். அப்புறம் திரும்பி வந்து கடைசியாக இதையும் எழுதுகிறேன். நீ இன்னொருத்திக்குப் புருஷனாகப் போகிறவன். உன் கையைக் கட்டிப்போட்டு உன்னைக் காப்பாற்ற என்னால் இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியாது. அதனால் இரண்டாவது சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான்.

எடுக்காதே, தம்பி.

அம்மா